இருபது வருஷ மெக்கானிக்கும் ஒரு மல்டிமீட்டரும்

வாழ்நாள் கல்வி என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாம் புதிதாக எதையாவது சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். டூவீலர் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள், கைக்கு ஊறிப்போன பழக்கத்தை விடுவதுதான் அங்கே பெரிய பாடு.

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. சில மாடல்கள் நீங்கலாக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டர் போய், கம்ப்யூட்டர் சொல்கிற அளவில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எஃப்.ஐ. (ஃப்யூல் இன்ஜெக்ஷன்) வந்துவிட்டது. அதற்கு முன்னால் "ஸ்லோ ஸ்பீடு நிக்கல" (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் நின்றுவிடுகிறது) என்று வண்டி வந்தால், கார்பரேட்டரில் காற்றளவைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி, ஒன்றரை இரண்டு சுற்று வெளியே எடுத்து, சத்தத்தைக் கேட்டே நிறுத்துவார் நல்ல மெக்கானிக். அந்தக் காது சும்மா வந்ததில்லை.

இன்றைக்கும் அதே புகார் வருகிறது, கையும் அதே ஸ்க்ரூவைத் தேடுகிறது. த்ராட்டில் பாடியில் (ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப இன்ஜினுக்குக் காற்றைத் திறந்து மூடுகிற பாகம்) தலையில் பெயின்ட் வைத்த ஸ்க்ரூ ஒன்று இருக்கும். கம்பெனி செட்டிங், தொடாதே என்று அர்த்தம். தொட்டால் என்ன ஆகும்? த்ராட்டில் மூடியிருக்கும்போது அதன் சென்சார் சுமார் அரை வோல்ட் காட்ட வேண்டும். ஸ்க்ரூ நகர்ந்தால் அது கூடிவிடும். நாம் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டோம் என்பதே ஈசியூவுக்கு (வண்டியின் கம்ப்யூட்டர்) தெரியாது. ஸ்லோ ஸ்பீடு முன்னைவிட மோசமாகும்.

இதைவிட ஆபத்து டெஸ்ட் லேம்ப், வயரில் கரண்ட் வருகிறதா என்று குத்திப் பார்க்கிற பல்பு. 5 வாட் பல்பு 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் வயருக்கு அது ஒன்றுமில்லை, ஈசியூ வயரில் குத்தினால் உள்ளே இருக்கிற சர்க்யூட் எரிந்துபோகலாம். வோல்ட், ஓம் எல்லாம் அளக்கிற மல்டிமீட்டர் வோல்ட் பார்க்கும்போது கரண்ட்டே இழுக்காது என்று சொல்லலாம். ஐந்நூறு ரூபாய்க்கே வேலைக்கு ஆகிற மீட்டர் கிடைக்கிறது. பல பட்டறைகளில் அது டப்பாவைவிட்டு வெளியே வருவதில்லை.

வரிசை எளிது. முதலில் பேட்டரி: நிறுத்திய வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. சாவி போட்டதும் டேங்கில் பம்ப் இரண்டு மூன்று நொடி முனக வேண்டும். பிறகு வயர்கள் இணைகிற கப்ளரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள் (வாட்டர் வாஷ் உபயம்), சாவியை ஆஃப் பண்ணிவிட்டு. கப்ளரை மாட்டிச் சாவி போட்டு, அதன் பிறகுதான் த்ராட்டில் சென்சார். த்ராட்டிலை மெதுவாகத் திறந்தால் அரை வோல்ட்டிலிருந்து நாலு வோல்ட்டுக்கு மேல் சீராக ஏற வேண்டும், நடுவில் குதித்தால் சென்சார் உள்ளே தேய்ந்திருக்கிறது. வண்டிக்கு வண்டி எண் மாறும், மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

இவ்வளவையும் கற்ற இளவட்டங்கள் சறுக்குகிற இடம் வேறு. எஃப்.ஐ. எச்சரிக்கை லைட் எரிகிறது, ஈசியூவில் பதிந்த கோளாறைப் படிக்கிற ஸ்கேனர், சைலன்ஸர் புகையைப் பார்க்கிற ஆக்ஸிஜன் சென்சாரைக் காட்டுகிறது, உடனே சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். நாலு நாளில் லைட் திரும்ப எரிகிறது. அந்த சென்சார் "பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்" என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டு ரப்பரில் வெடிப்பு இருந்து காற்று புகுந்திருக்கும், அல்லது சைலன்ஸர் கேஸ்கெட் ஒழுகும். இதைக் கண்டுபிடிக்கப் பழைய ஆள்தான் வேண்டும். இன்ஜின் ஓடும்போது ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று கேட்பார். டேப்பட் (வால்வு இடைவெளி) இறுகியிருப்பதையோ கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) குறைந்ததையோ எந்த ஸ்கேனரும் நேராகச் சொல்லாது. பிளக்கின் நிறம் இன்றைக்கும் பேசுகிறது.

அதனால் பழசு வீண் என்று சொல்கிற ட்ரெயினிங் எனக்கு ஒப்பாது. பாகங்களின் பெயரை ஸ்லைடில் காட்டி, மத்தியானம் பிரியாணி போட்டு, சாயந்திரம் சர்டிஃபிகேட் கொடுப்பதால் யாருக்கும் ஒன்றும் ஏறாது. ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒன்றை நடுவில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள்.

இன்னொரு தடை, யாரும் வெளியே சொல்லாதது: கௌரவம். மேனுவலை போனில் படித்துச் சொல்கிறவன் நேற்று வந்த எடுபிடிப் பையன். "இதுல எத்தனை ஓம்னு போட்டிருக்கு, பாருடா தம்பி" என்று கேட்க ஐம்பது வயதில் வாய் வராது. ஆனால் வாய்விட்டுக் கேட்கிறவருடைய பட்டறைக்குத்தான் வண்டி வருகிறது.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஆயில் மாற்ற வருகிற நல்ல வண்டியைப் பத்து நிமிஷம் அளந்துவிடுங்கள். பேட்டரி வோல்ட், த்ராட்டில் மூடியும் திறந்தும், இன்ஜின் டெம்பரேச்சர் சென்சாரின் ஓம் (மின்தடை) ஆறியிருக்கும்போதும் சூட்டிலும் (சூடானால் இறங்க வேண்டும்). மாடலுக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதுங்கள். கெட்ட வண்டி வரும் அன்றைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.