எம்டி டாக்குமெண்டாம்!

தர்மபுரி ஆபீஸ்ல இருந்து ஆறு பக்க சுற்றறிக்கை. வாட்ஸ்அப்ல வந்ததைக் கம்ப்யூட்டர்ல திறந்தேன். "எம்டி டாக்குமெண்ட்", அதாவது உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிச்சு என்விடிஏ.

எனக்குக் கண் தெரியாது. ஸ்கிரீன்ல இருக்கிற எழுத்தை எனக்குப் படிச்சுக் காட்டுறது அந்த மென்பொருள்தான். 2006-ல ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சது, காசே கிடையாது. எழுத்து இருந்தா படிக்கும். போட்டோவை என்னன்னு படிக்கும்?

இந்தச் சுற்றறிக்கையை யாரோ வேர்டுல டைப் பண்ணித்தானே இருக்காங்க? அப்ப அது எழுத்தாத்தான் இருந்தது. அதை ப்ரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, கோணலா ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப்னு பேர் வச்சு அனுப்புறீங்க. கையெழுத்து வேணும்தான், யார் வேண்டாம்னா? கூடவே அந்த வேர்டு ஃபைலையும் அனுப்பினா கை தேஞ்சா போயிடும்?

போன்ல படத்திலிருந்து எழுத்தை எடுக்கிற ஆப் வச்சும் பார்த்தேன். எல்லாம் ஓரளவு வந்தது. கடைசித் தேதி மட்டும் வரலை. ஏன்னா சீலைக் கரெக்டா அது மேலயே குத்தியிருக்காங்க!

வேர்டு ஃபைலே வந்தாலும் நிம்மதி இல்லை. பாமினிங்கிற பழைய எழுத்துருவுல அடிச்சிருப்பாங்க. பார்க்கத்தான் தமிழ், உள்ளே இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து. உங்க கண்ணுக்கு அது "தமிழ்". எழுத்தெழுத்தா நகர்த்திக் கேக்கிற எனக்கு "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்". எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுலதான் அடிக்கணும்னு 2010-லயே அரசாணை வந்தாச்சு. பதினஞ்சு வருஷம் தாண்டியும் ஜேகேபிஓதான். விண்ணப்பப் படிவம் இன்னும் மோசம். பேருக்கு எதிரே நாப்பது புள்ளி. அதை ஒவ்வொண்ணா நகர்த்தி "டாட் டாட் டாட்"னு கேட்டுப் பாருங்க, தெரியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல வந்தது. டிஜிட்டல் அணுகல் வாழும் உரிமையிலேயே அடக்கம்னு 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. எங்க பாலக்கோட்டுப் பக்கம் அந்தச் செய்தியும் ஸ்கேன் காப்பியாத்தான் வந்திருக்கும் போல.

பொறுக்க முடியாம பஸ் ஏறி தர்மபுரி ஆபீஸுக்கே போய் அங்கிருந்த அதிகாரியைப் பார்த்தேன். "சார், எழுத்தா அனுப்புங்க"ன்னேன். அவரு ரொம்ப அன்பா, "வீட்ல யாரையாவது படிக்கச் சொல்லுங்களேன் தம்பி"ன்னாரு.

அந்த அன்புதான் சார் எரியுது! என் பேங்க் ஸ்டேட்மெண்டைப் பக்கத்து வீட்டு அக்கா படிச்சாங்க. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மச்சான் படிச்சான். எனக்குச் சர்க்கரைன்னு எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும். அன்னைக்கே ஊருக்கும் தெரியும். நாப்பது வயசாகுது எனக்கு, வந்த லெட்டரை நானே தனியாப் படிச்சுக்கக் கூடாதா?

இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி தம்பி, நீங்க கிளம்புங்க, ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள வாட்ஸ்அப்ல வந்துடும்"ன்னாரு.

வந்தது. பஸ்ல உக்காந்துதான் திறந்தேன். போன் "படம்"னு சொல்லிட்டு நின்னுடுச்சு. பக்கத்து சீட்டுப் பையன்கிட்ட காட்டினேன்.

"நோட்டீஸை போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காங்கண்ணா. ஓரத்துல யாரோட கட்டைவிரலோ தெரியுது."