நுண்கணிதம் இல்லாவிட்டால் மனப்பாடம்தானா?

"நுண்கணிதம் (calculus, மாறும் அளவுகளைக் கணக்கிடும் கணிதம்) தெரியாமல் இயற்பியல் படிப்பது வெறும் சூத்திர மனப்பாடம்" என்று சொல்வது தவறு. விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று கலிலியோ 1638-இல் வெளியிட்டபோது நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான நியூட்டன் பிறக்கவே இல்லை.

நீங்களே வரைந்து பாருங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால், கல்லை விட்டதும் அதன் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் கூடுகிறது. 4 நொடியில் வேகம் நொடிக்கு 40 மீட்டர். வேகம்–நேரம் வரைபடத்தில் ஒரு முக்கோணம். அடி 4, உயரம் 40, பரப்பு 80. இந்தப் பரப்புதான் கல் விழுந்த தூரம்: 80 மீட்டர். நுண்கணிதத்தின் தொகையீடு (integration) போட்டாலும் இதேதான் வரும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும், தயவுசெய்து பயமுறுத்தாதீர்கள்.

சரி, நுண்கணிதம் எங்கே கட்டாயம்? முடுக்கம், அதாவது வேகம் கூடும் வீதம், மாறிக்கொண்டே இருக்கும்போது. மழைத்துளியின் வேகம் கூடக்கூடக் காற்றுத் தடையும் கூடுகிறது, அதனால் முடுக்கம் குறைகிறது. வரைபடத்தில் கோடு வளைந்துவிடும், முக்கோணம் அங்கே உதவாது.