ரெண்டு இஞ்ச் கீறல்தானே!

தைராய்டு சுரப்பியை எடுக்கும் ஆபரேஷனின் வலியைப் பற்றி டாக்டர்கள் பேசிய அந்த நேரலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "தைராய்டுக்குக் கழுத்துல ரெண்டு இஞ்ச் கீறல். அதுக்கெல்லாம் நெர்வ் பிளாக்கா?" என்று அந்த சீனியர் சர்ஜன் கேட்டதும் மேடையே சிரித்தது. நெர்வ் பிளாக் என்றால் நரம்பைச் சுற்றி மருந்து போட்டு, அது உணர்வு தரும் இடத்தை மரக்கவைப்பது. மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

வலி எவ்வளவு என்று சொல்ல வேண்டியவர் கத்தி பிடித்தவர் அல்ல, கீறப்பட்டவர்.

கழுத்தின் முன்பக்கத் தோலுக்கு உணர்வு தரும் நரம்புகள், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசையின் பின்விளிம்பில், ஏறக்குறைய நடுவில், கொத்தாக வெளியே வருகின்றன. இரண்டு பக்கமும் அங்கே பியூபிவகெய்னோ ரோபிவகெய்னோ, ஏதாவது ஒரு மரக்கவைக்கும் மருந்தைப் போட வேண்டும். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே முடிந்துவிடும் சில நிமிட வேலை.

"மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசையின் நரம்பு மரத்துப்போனால்?" என்கிறார்கள். அந்த பயம் ஆழமாகப் போடும் பிளாக்குக்கு உரியது. நான் சொல்வது மேலோட்டமாகப் போடும் பிளாக். ஆழமானதை இரண்டு பக்கமும் போடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? "புது ஃபேஷன்" என்கிறார் இன்னொருவர். தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-இல் நோபல் வாங்கிய சுவிஸ் சர்ஜன் கோக்கர், கோகெய்னால் கழுத்தை மரக்கவைத்தே அறுவை செய்தவர். சில ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மை. மூச்சுக்குக் குழாய் வைத்ததால் வரும் தொண்டை எரிச்சலுக்கும், தலையைப் பின்னால் சாய்த்து வைத்ததால் வரும் பிடரி வலிக்கும் இது கேட்காது என்பதும் உண்மை. சரி, பிளாக் வேண்டாம், காயத்தைச் சுற்றியாவது மருந்தைப் போடுங்கள். எதுவுமே போடாமல் சிரிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கே தைராய்டு எடுத்தார்கள். மயக்க மருத்துவராக இருந்தும், கூட வேலை பார்ப்பவர்களிடம் பிளாக் கேட்கக் கூச்சப்பட்டேன். அன்று ராத்திரி இரண்டு உள்ளங்கையாலும் பிடரியைத் தாங்காமல் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் கண்ணில் நீர். வலிக்கு டிரமடால் போட்டார்கள், குமட்டல் வந்தது, பிறகு வாந்தி. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் கழுத்தில் போட்ட கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முக்கினால் கழுத்து ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும், உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால் மூச்சுக்குழாயை நெருக்கும். இதெல்லாம் தெரிந்தே படுத்திருப்பது எப்படி இருக்கும் தெரியுமா? "டாக்டர், நீங்களே பயந்தா எப்படி?" என்றார்கள்.

இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். "பிள்ளை பெத்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு வலியாம்மா?" என்று வார்டில் ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

"எங்க பேஷன்ட் யாரும் வலின்னு சொன்னதில்லையே" என்று கமென்ட்டில் எழுதியவருக்கு: நீங்கள் கேட்டீர்களா? ரவுண்ட்ஸில் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறீர்கள். அவர்கள் தலையாட்டினார்கள் என்கிறீர்கள். தைராய்டு எடுத்த மறுநாள் அந்தத் தலையை ஆட்டுவதற்கே வலிக்கும், சார்.