ஓர இருக்கை நினைவிருக்கிறது, வீல்சேர் மறந்துவிட்டது

செவ்வாய் இரவு விமான நிலையத்தில், என் ஓர இருக்கையை நினைவில் வைத்திருந்த விமான நிறுவனம் அம்மாவுக்குக் கேட்டிருந்த வீல்சேரை மறந்துபோனதைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளுக்கு, "மைல்களுக்கு ஆசைப்பட்டுத் தகவலை அள்ளிக் கொடுத்தவர் நீங்கள்தானே" என்று அறிவுரை சொன்ன அனைவருக்கும் நன்றி. கொடுத்தது நான்தான், பறக்கப் பறக்க விமான நிறுவனம் சேர்த்துத் தரும் அந்தச் சலுகைப் புள்ளிகளுக்காகத்தான். குறித்து வைக்காதீர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? குறித்து வைத்தது யாருக்குப் பயன்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்ததுமே என் பெயரைச் சொல்லி வணங்கினார். "வழக்கம்போல ஓர சீட்தானே சார்?" என்றார். கூடுதல் பணம் கட்டினால் முன்வரிசைக்கு மாறலாம் என்றும் திரை அவருக்குச் சொல்லியிருந்தது. எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு டிக்கெட்டுடனேயே கேட்டிருந்த வீல்சேர் மட்டும், "சிஸ்டத்துல காட்டலையே சார்". முன்பதிவில் சைவ உணவுக்கு ஒரு குறியீடு இருப்பதுபோல வீல்சேருக்கும் ஒன்று இருக்கிறது. இதற்கு முந்தைய நான்கு பயணங்களிலும் அம்மா அதில்தான் போனார்.

இந்த ஞாபகம் விற்பதற்காகவே பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது, முன்பதிவுக் கணினியில் எந்தத் தொலைபேசி எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடித்தான் அடிக்கடி பறப்பவர்களைக் கண்டுபிடித்தது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் என் அம்மாவின் முழங்காலுக்கு வரும்போது மட்டும் ஏன் உறங்கிவிடுகிறது?

"ஊழியர் என்ன செய்வார் பாவம்" என்பவர்களுக்கு: அந்தப் பெண் மீது எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரிய வேண்டியதைத் திரை தெரிவிக்கவில்லை. "மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம்" என்பவர்களுக்கு: ஏர் இந்தியா பயணிகள் சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்ததாக 2021இல் செய்தி வந்ததே, அதில் பாஸ்போர்ட் விவரங்களும் இருந்தன. அவர்களெல்லாம் எதை மறைத்தார்கள்? மைல்களை வேண்டாமென்று விட்டுவிடச் சொல்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பதினோரு வருடம் சேர்த்தவை அவை. விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வீல்சேர் வருவதற்குள் நேரமாகிவிடும் என்பதால், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று இடங்களில் நின்று நின்று நடந்தார். மூன்றாவது இடத்தில் மூச்சு வாங்கியபடியே, "உன்ன நல்லாத் தெரிஞ்சவங்க போலயே, பேர் சொல்லிக் கூப்புடுறாங்க" என்றார். கிண்டலா, பெருமையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கில்லை.

நேற்று என் புகாருக்குப் பதில் வந்தது. பரிசீலிப்பதற்கு வசதியாக என் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் அனுப்பிவைக்கக் கேட்டிருக்கிறார்கள். அந்த மின்னஞ்சலின் உச்சியில் என் பெயர், உறுப்பினர் எண், கையிருப்பு மைல்கள் மூன்றும் தடித்த எழுத்தில் இருந்தன.