சுமப்பவர்களின் நிலக்காட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் டோக்காய்டோ வரிசை மர அச்சு ஓவியங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், இயற்கை அழகு, அமைதி, தனிமை என்ற சொற்களே திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. அந்தப் படங்களை நெடுங்காலமாக நேசித்து வருபவன் என்ற முறையில், இந்தப் பாராட்டு அவற்றுக்குப் பெரும் அநீதி இழைக்கிறது என்று கருதுகிறேன். அவை முதன்மையாக உழைக்கும் உடல்களின் ஓவியங்கள்.

எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோ வரை ஏறத்தாழ 490 கிலோமீட்டர் நீளும் நெடுஞ்சாலை டோக்காய்டோ. அதன் 53 தங்கல் நிலையங்களையும் இரு முனைகளையும் சேர்த்து 55 படங்களாக 1833ஆம் ஆண்டையொட்டி அந்த வரிசை வெளிவரத் தொடங்கியது. அதில் ஷோனோ என்ற ஊரின் மழைப்படத்தை உற்றுப் பாருங்கள். காற்றில் வளையும் மூங்கில் தோப்பு சாம்பல் நிறத்தின் அடுக்குகளாகப் பின்னால் மங்குகிறது. சாய்கோடுகளாக மழை இறங்குகிறது. அந்த மழையில் பல்லக்கில் இருப்பவர் மூடிய உறைக்குள் ஒடுங்கியிருக்க, தூக்குபவர்கள் நனைந்தபடி மேட்டில் ஏறுகிறார்கள். எதிர்ப்புறம் ஒருவர் குடையை முன்னே பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுகிறார். யாருடைய முகமும் நமக்குத் தெரிவதில்லை, ஆனாலும் முதுகின் வளைவிலும் கால்களின் அவசரத்திலும் மழையின் வேகம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஹகோனே படத்திலும் இதுதான் நடக்கிறது. பல நிறத் துண்டுகளாக எழும் அந்தச் செங்குத்து மலையை வியப்பவர்கள், அதன் இடுக்கில் வரிசையாக நெருக்கியடித்து நகரும் தொப்பிகளைக் கவனிப்பதில்லை. இன்னொரு ஜப்பானிய ஓவியரான ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலை ஓவியத்தில் படகுகளைப் பற்றிக்கொண்டு குனிந்திருக்கும் துடுப்புக்காரர்களுக்கும் அதே கதிதான்.

ஷிமாடாவுக்கும் கனயாவுக்கும் இடையே ஓடும் ஒயி ஆற்றை என்னால் எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை. எடோவின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சி அந்த ஆற்றில் பாலமும் படகும் இல்லாமல் வைத்திருந்ததால், பயணிகள் ஆற்றுச் சுமையாட்களின் தோளிலோ அவர்கள் தூக்கிய மரப்பலகைகளிலோ ஏறித்தான் அக்கரை சேர வேண்டியிருந்தது. சுமப்பவரின் உடலில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறுகிறது என்பதைப் பொறுத்துக் கூலி மாறியது. வெள்ளம் மிஞ்சினால் கடவு மூடப்பட்டது, பயணிகள் கரையிலேயே காத்துக் கிடந்தார்கள். ஷிமாடா படத்தில் பிரபுவின் பரிவாரம் எறும்புச் சாரையாய் ஆற்றைக் கடப்பதை ஹிரோஷிகே உயரத்திலிருந்து காட்டுகிறார். ஓர் அரசின் அச்சத்தை அத்தனை மனிதர்களின் தோள்கள் சுமந்த வரலாறு அந்த அகன்ற ஆற்றுப்படுகையில் இருக்கிறது. அதை வெறும் நீர்க்காட்சியாகப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

படத்துக்கு வெளியேயும் சுமந்தவர்கள் உண்டு. ஓவியர் கோட்டோவியத்தைத் தந்ததும், அதைச் செர்ரி மரப்பலகையில் மயிரிழை பிசகாமல் செதுக்கியவர் ஒருவர்; நிறத்துக்கு ஒரு பலகையாக வைத்துத் தாளை அழுத்தித் தேய்த்து அச்சிட்டவர் இன்னொருவர். வானத்தின் நீலம் மேலே அடர்ந்து கீழே கரைவது ஓவியரின் தூரிகையில் நிகழ்ந்ததன்று. அச்சிடுபவர் ஈரப் பலகையில் ஒவ்வொரு முறையும் கையால் சாயத்தைப் பரப்பி அதைக் கொண்டுவந்தார். கன்பாராவின் இரவுப் பனி ஓவியத்தில் இருள் வானின் உச்சியிலிருந்து இறங்கும் பிரதிகளும் உண்டு, கூரைகளின் பின்னாலிருந்து எழும் பிரதிகளும் உண்டு. படத்தின் மனநிலையையே அது மாற்றிவிடுகிறது.

இவர்களை மறக்காதவர் ஹிரோஷிகே என்பதற்குக் கோயு படம் சான்று. வழிப்போக்கர்களை விடுதிப் பெண்கள் பிடித்து இழுக்கும் அந்தத் தெருக்காட்சியில், விடுதிச் சுவரில் தொங்கும் பலகைகளில் செதுக்கியவர் ஜிரோபெய் என்றும் அச்சிட்டவர் ஹெய்பெய் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. படத்திலேயே பெயர்கள் இருக்கும்போது, அருங்காட்சியக விளக்க அட்டைகளும் கலை நூல்களும் ஓவியர் பெயரோடு நின்றுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பெயர் தெரிந்த ஒவ்வொரு படத்திலும் செதுக்கியவரையும் அச்சிட்டவரையும் ஓவியருக்கு இணையாகவே குறிப்பிட வேண்டும்.