லாட் முதலா, லாங் முதலா? ஒரு முடிவுக்கு வாங்கய்யா!

ஒரு இடத்தைச் சொல்ற லாட் (அட்சரேகை), லாங் (தீர்க்கரேகை) ரெண்டும் இடம் மாறிப்போய், இன்னைக்கும் அதே கூத்து. மதுரைக் கண்மாய்களை மேப்பில் புள்ளி வெச்சுக் கொடுத்தா, "தம்பி, ஒரே நீலமா இருக்கு, நம்ம ஊரையே காணோமே"ன்னு போன் வருது. ஜூம் அவுட் பண்ணிக்கிட்டே போனா, கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவே கடலில் கிடக்கு நம்ம வண்டியூர் கண்மாய்!

எனக்கு வந்த ஃபைலில் எக்ஸ் தலைப்புக்குக் கீழே 9.91, ஒய்க்குக் கீழே 78.15. எக்ஸ்னா லாங், ஒய்னா லாட்; ரெண்டும் தலைகீழ்! பள்ளிக்கூடத்துல கிராஃப் ஷீட்டைத் தொட்டதே இல்லையா?

சரி, ஃபைலை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது? மேப் தரவைக் கையாளுற பைதான் லைப்ரரி ஜியோபாண்டாஸ்; அதோட பாயின்ட்ஸ்_ஃப்ரம்_எக்ஸ்ஒய் ஃபங்ஷனுக்கு லாங் முதல்ல கொடுக்கணும். அதே புரோகிராமில் நாலு வரி தள்ளி, மேப் வரையுற ஃபோலியம் லைப்ரரியோட மார்க்கருக்கு (புள்ளிக் குறிக்கு) லாட் முதல்ல. மேப் தரவை எழுதிவைக்கிற ஜியோஜேசான் ஃபார்மேட்டுக்கு லாங்தான் முதல்லன்னு 2016-ல் ஆர்எஃப்சி 7946-ங்கிற இணையத் தரநிலை ஆவணத்துல எழுதியே வெச்சாச்சு. அந்த ஜியோஜேசானை வாங்கி வெப்பேஜில் மேப்பா வரையுற லீஃப்லெட் லைப்ரரி, தன் மார்க்கருக்கு மட்டும் லாட்டை முதல்ல கேக்குது!

வயித்தெரிச்சல் என்னன்னா, மாறிப்போனா எரர்கூட வராது. லாட் 90-ஐத் தாண்டாது. டோக்கியோக்காரன் தன் லாங் 139-ஐ லாட் இடத்துல போட்டா மேப்பாக்ஸ்ங்கிற மேப் லைப்ரரி உடனே கத்தும். சான் ஃபிரான்சிஸ்கோவின் -122-க்கும் கத்தும். நம்ம தமிழ்நாடு முழுக்க லாங் 76-லிருந்து 81-க்குள்ள. எப்படித் திருப்பிப் போட்டாலும் செல்லுபடியாகிற எண்! எந்த ஃபங்ஷனும் வாயைத் திறக்காது. லாட்=, லாங்=னு பேர் சொல்லித்தான் கொடுக்கணும்னு எல்லா லைப்ரரியிலும் கட்டாயமாக்கினா என்ன குடியா முழுகிடும்?

திருப்பிப் போட்டுச் சரிபண்ணினா, சில கண்மாய் அருப்புக்கோட்டைப் பக்கம் போய் விழுது. எந்தப் புண்ணியவானோ 9 டிகிரி 55 நிமிஷத்தை 9.55-னு தட்டி வெச்சிருக்கான். நிமிஷத்தை அறுபதால வகுக்கணும்யா, அது 9.92! இந்த ஒரு புள்ளியில நாப்பது கிலோமீட்டர் போச்சு. கரையில நிக்கிற விவசாயிக்கு யார் பதில் சொல்றது?

இதுக்கு நடுவுல "ஊர்ப்பேரெல்லாம் தமிழ்ல போட்டுருங்க"ன்னு உத்தரவு வேற. போடணும், அதுதான் நியாயம். ஆனா என்கிட்ட இருக்கிற, படம் வரையுற மேட்பிளாட்லிப் லைப்ரரியில் தமிழ் ஃபான்ட் கொடுத்த பிறகும் மேலூரோட கொம்பு 'ம'வைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உக்காந்திருக்கு. ஒவ்வொரு ஊர்ப்பேரையும் நான் படமா வெட்டி ஒட்டணுமா?