அது தேவதூதர் அல்ல, விக்டோரியா

பச்சைக் களிம்பேறிய ஒரு சின்ன வெண்கலக் காசின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "இயேசு காலத்து ரோமானியக் காசு, பின்புறம் தேவதூதர், விலை பல லட்சம்" என்று கூடவே ஒரு செய்தி. மூன்றுமே தவறு.

சிறகுடன் நிற்பவள் விக்டோரியா, ரோமானியர்களின் வெற்றித் தெய்வம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோளில் ஒரு கழி, அதில் தோற்றவனின் கவசமும் ஆயுதமும் மாட்டியிருக்கின்றன. மறுகையால் ஒரு கைதியைத் தரதரவென்று இழுத்துப் போகிறாள். தேவதூதர் செய்கிற வேலையா இது?

விளிம்பில் 'சாலுஸ் ரெய்பூப்ளிகே' ('அரசின் நலம்') என்ற லத்தீன் எழுத்துகள். இந்த வகைக் காசு கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோமானியப் பேரரசர்கள் இரண்டாம் வாலன்டினியன், முதலாம் தியோடோசியஸ், ஆர்க்காடியஸ் பெயர்களில் அடிக்கப்பட்டது. இயேசுவுக்கு 300 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது.

சரி, குழப்பத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அவள் பக்கத்திலேயே கிறிஸ்துவைக் குறிக்கும் முத்திரை தெரிகிறது; 'கை', 'ரோ' என்ற இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னியது. பேரரசர்கள் அப்போது கிறிஸ்தவர்கள். 382இல் ரோம் செனட் மண்டபத்திலிருந்து விக்டோரியாவின் பலிபீடத்தையே பேரரசர் கிராஷியன் அகற்றிவிட்டார். ஆனாலும் காசிலிருந்து அவளை இறக்கப் பேரரசர்களுக்கு மனம் வரவில்லை. போர்வெற்றியை விளம்பரம் செய்ய அவ்வளவு தோதான ஆள் அவள்! தங்கக் காசில் நிஜமான தேவதூதர் அவள் இடத்தைப் பிடித்தது 6ஆம் நூற்றாண்டில், முதலாம் ஜஸ்டின் ஆட்சியில்தான்.

விலையா? ஒரு சென்டிமீட்டர் சொச்சம் அகலம், ஒரு கிராம் சொச்சம் எடை. ஏராளமாகப் புழங்கிய சில்லறை இது. இலங்கையில்கூடக் குவியலாகக் கிடைத்திருக்கிறது. ரோமானியக் காசுகளிலேயே மலிவான ரகம்.